தொப்பூர் இறக்கத்தில் வாய்விட்டுப் பேசினேன்

போன செவ்வாய்க்கிழமை தொப்பூர் மலை இறக்கத்தில், ஒரு லாரி பிரேக் இல்லாமல் என் காருக்குப் பின்னால் வந்தது.

கவலை வேண்டாம். உயிரோடுதான் இருக்கிறேன் — அதனால்தான் இந்த வாரமும் உங்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேச முடிகிறது. ஆனால் லாரியைப் பற்றிச் சொல்வதற்கு முன், நான் மறுபடி கார் ஓட்டப் படித்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

மறுபடியா? லைசென்ஸ் இல்லையா? இருந்தது. எட்டுப் போட்டு, ஜன்னல் வழியே கையை நீட்டிச் சிக்னல் காட்டி, முறையாக வாங்கிய லைசென்ஸ். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஓட்ட அது தாராளமாகப் போதும்.

என் கணவர் காலமான பிறகு அவருடைய மருந்துக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாரம் ஒரு முறை சேலம் போய்ச் சரக்கு எடுத்து வர வேண்டும். அம்பாசிடரை ஓட்ட செல்வம் என்றொரு டிரைவர் இருந்தான். ஊர்க் கதை, அரசியல், அவன் மாமியார் புராணம் — போகும்போது பாதி, திரும்பும்போது மீதி. போன வருடம் அவனுக்கு துபாய் விசா வந்தது.

"அங்கெல்லாம் ஏசி வண்டிங்கம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனான். நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தேன். வேறென்ன செய்வது?

அதன்பின் இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவர் குடிப்பார். இன்னொருவர் குடிக்க மாட்டார், ஆனால் சேலம் போய் வரும்வரை வாயையே திறக்க மாட்டார். எனக்கென்னவோ இரண்டாமவரைத்தான் தாங்க முடியவில்லை. சரி, நாமே ஓட்டுவோம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

முதல் தடவை தனியாகத் தொப்பூர் மலையில் இறங்கியபோது, மேலிருந்து கீழ்வரை பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி மலையில் கருகிய நாற்றம். அடிவாரத்துக்குச் சற்று முன்னால் பிரேக் மெத்தென்று உள்ளே போனது... பிடிக்கவில்லை. ரோடு அதற்குள் சமதளமாகிவிட்டதால் வண்டி தானாக வேகம் குறைந்து, ஒரு டீக்கடையைத் தாண்டி நின்றது.

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அவர் கொடுத்த டீயில் பாதியைப் புடவையிலேயே கொட்டிக்கொண்டேன்.

ஓட்டுவது வேறு, ஓட்டத் தெரிவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. கடைக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு லாரி முதலாளியிடம் இதைச் சொன்னேன். தன் டிரைவர்களுக்காக பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடத்தப்போவதாக அவர் சொன்னார். புதிதாகப் படிப்பவர்களுக்கு அல்ல. ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் இன்னும் பத்திரமாக ஓட்டுவதற்கு.

"நானும் வரலாமுங்களா?"

"நீங்களாம்மா? அங்க பூரா லாரிக்காரங்க."

"நானும் அதே மலையிலதானுங்களே எறங்கறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார்.

அதியமான்கோட்டையைத் தாண்டி ஒரு காலி மைதானம். லாரி டிரைவர்கள் ஒரு கூட்டமாக, நான் ஒருத்தி தனியாக. சொல்லிக்கொடுக்க வந்தவர் பெயர் அருளப்பன். நாற்பது வயது இருக்கும். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் பஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். தமிழுக்கு நடுவே கன்னடம் தானாக வந்து விழும். யாராவது வேகமெடுத்தால் போதும், "நிதானா... நிதானா..." என்பார்.

முதல் பாடம், உட்காருவது. இத்தனை நாளும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்து, தண்ணீர் ஊற்றிய மண்ணில் வேகமாக வந்து பிரேக் போடச் சொன்னார். போட்டேன். அம்பாசிடர் பம்பரமாகச் சுற்றி, கிளம்பிய திசையையே பார்த்து நின்றது. லாரிக்காரர்கள் கை தட்டினார்கள்.

"ஒரேயடியா மிதிக்காதீங்கம்மா. மிதிச்சு விடுங்க, மிதிச்சு விடுங்க" என்றார் அருளப்பன். மலையில் இறங்க, ஏறும்போது போடுகிற அதே கியர். பிரேக் கடைசியில்தான். இப்படி ஒவ்வொன்றாக.

பிறகு வந்தது அந்தப் பாடம். கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். எதிரே என்ன, பின்னால் என்ன, நாம் என்ன செய்யப்போகிறோம்... எல்லாவற்றையும் உரக்க. சொல்லும்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறோமாம். லாரிக்காரர்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். என் முறை வந்தபோது மொரப்பூர் ரோட்டில் ஓட்டச் சொன்னார். பக்கத்தில் அருளப்பன். பின் ஸீட்டில் மாதப்பன் என்ற லாரி டிரைவர்.

"எதிரே மாட்டு வண்டி" என்று ஆரம்பித்தேன். "இடது பக்கம் சைக்கிள், பால் கேன் ஆடுகிறது, தள்ளிப் போகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருத்தி குறுக்கே ஓடலாம், வேகம் குறைக்கிறேன். புளியமரம். அந்த மரத்தடியில் அவர் வண்டியை நிறுத்தி வெள்ளரிக்காய் வாங்குவார். எனக்கு மட்டும் உப்பு அதிகமாகப் போடச் சொல்வார். என் மகள் கடைசியாக வந்துவிட்டு மொரப்பூர் ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கையசைத்தாளா இல்லையா, எனக்குத் தெரியவில்லை..."

"ரோட்ட மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் அருளப்பன். மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பின்னாலிருந்து மாதப்பன் குரல் கொடுத்தார். "சொல்லட்டும் வுடுங்க சார். வண்டி நேராத்தான போவுது."

நேராகத்தான் போனது. ஆனால் அதன்பின் நான் ரோட்டை மட்டுமே சொன்னேன். ரொம்ப நாள் மூடிவைத்த வாயைத் திறக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் திறக்க வேண்டும்போல.

கடைசி ஞாயிறு எல்லோருக்கும் டீயும் வடையும் கொடுத்தார்கள். "ரோட்டுல பாத்தா ஹாரன் அடிக்கறேம்மா" என்று சொல்லிப் போனார் மாதப்பன். அடித்தாரோ என்னவோ. தொப்பூரில் எல்லா லாரியும்தான் ஹாரன் அடிக்கிறது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல உரக்கப் பேசியபடி. "இடது பக்கம் பாறை. எதிரே பஸ், போய்விட்டது. கண்ணாடியில் ஒரு லாரி." வளைவு திரும்பினேன். மறுபடி கண்ணாடி. "லாரி பெரிசாகிறது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஏன் பெரிசாகிறது? இந்த இறக்கத்தில் எல்லோரும் ஊர்ந்துதானே வருவார்கள்? அதற்குள் ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் சத்தம் நிற்காமல் வந்தது.

பழைய நானாக இருந்தால் பயத்தில் பிரேக்கை மிதித்து நடு ரோட்டில் நின்றிருப்பேன். அடுத்த வளைவைத் தாண்டினால் இடது பக்கம் அகலமான மண் ஓரம் இருப்பது எனக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ஆமாம், இறக்கத்தில்தான். வளைவு தாண்டியதும் மண்ணில் இறக்கி, மிதித்து விட்டு, மிதித்து விட்டு... பாறைக்குக் கையெட்டும் தூரத்தில் கார் நின்றது. அடுத்த மூச்சு விடுவதற்குள் லாரி என்னைக் கடந்தது. கார் அப்படியே குலுங்கியது. லாரி கீழே போய், ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, நின்றது. மூட்டைகள் பிரிந்து உருளைக்கிழங்கு இறக்கத்தில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

ஓடினேன். உள்ளே டிரைவர் மட்டும்தான். ஒல்லியான மனிதர். நெற்றியில் ரத்தம். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"கைய எடுங்க. வண்டி நின்னுடுச்சு."

"நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சு. எறங்குங்க."

கைத்தாங்கலாக இறக்கி, பாறை நிழலில் உட்காரவைத்து, காரிலிருந்து பஞ்சு எடுத்து வந்து காயத்தைத் துடைத்துக் கட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். அந்த வழியாக வந்து நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து சிலர் போலீசுக்குச் சொல்லக் கிளம்பினார்கள். காரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன்.

"போயிடாதீங்கம்மா" என்றார். "எதுனா பேசிட்டு இருங்க."

"என்ன பேசறது?"

"எதுனா. பேச்சு நின்னா அந்த ஹாரனுதான் காதுல கேக்குது."

பேசினேன். செல்வம் துபாய் போனது, வாய் திறக்காத டிரைவர், மருந்துக் கடை, என் கணவர் படுத்திருந்த கடைசி மாதம், மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வராதது... எல்லாம். அவர் கண்ணை மூடியபடி, இடையிடையே "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். அந்த "ம்"-ஐக் கேட்டு எத்தனை நாளாயிற்று எனக்கு!

கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் ஜாம்ஷெட்பூரில் இருக்கும் மகளுக்கு ட்ரங்க் கால் புக் செய்தேன். காத்திருந்து காத்திருந்து லைன் கிடைத்தது. ஒரே இரைச்சல்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் கண்ணு."

"கார் ஓட்டப் படிச்சியே, உபயோகமா இருக்கா?"

"இருக்கு" என்றேன். மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள், நேரம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து குரல் வந்தது. நீட்டிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமா என்ன?

அவள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறாள் என்று கேள்வி.

கண்ணு, படித்துவிட்டுப் பதறாதே. லீவு கிடைத்தால் ஒரு தரம் வந்துவிட்டுப் போ.