முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

உறவுக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும்: எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டாகிறது.

அக்கா பிறந்தது நாசரேத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது முத்தையாபுரத்துக்கு. அத்தான் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட, ஒரே மகளை வளர்க்க இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். நாள் முழுதும் ஐஸ் தண்ணீரில் கை. வீட்டுக்கு வந்தால் விரல் மடங்காமல் கரண்டி பிடிக்கச் சிரமப்படுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னையும் கூட வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவனாக ஆக்கியது அந்தக் கைதான்.

நான் பயந்தாங்கொள்ளி. லாரியைப் பூட்டிவிட்டு வந்தாலும் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அக்காவுக்கு ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்னதும் உபவாசம் இருந்தேன், முழங்காலில் கிடந்தேன். ஜெபக் கூட்டத்தில் பிரசங்கம் செய்ய வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், "சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து இப்போதே ஸ்தோத்திரம் சொல்லுங்கள். சந்தேகப்படுகிற வீட்டில் அற்புதம் நடக்காது" என்றார். வாங்குவதற்கு முன்னாலேயே நன்றி சொல்வது நம் சபை ஜனங்களிடம் உள்ள பழக்கம்தானே. நானும் எழுந்து, அக்கா சுகமாகிவிட்டார்கள் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து உங்களுக்கெல்லாம் பிரியாணியும் போட்டேன்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது.

எல்லார் முன்னாலும் கடவுள் என்னைப் பொய்யனாக்கிவிட்டார். அதைவிட, என் பயம்தான் அக்காவின் சுகத்தைக் கெடுத்ததோ என்று உள்ளே அரித்தது. சாட்சி சொன்ன நேரத்திலும் எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஆஸ்பத்திரியில் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். அக்கா சிரித்தார்கள்.

"ஏலே, கணக்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்தவன் நீ. நீ பயந்தா கடவுளு செய்ய வந்தத செய்யாம திரும்பிப் போயிருவாராக்கும்? அம்புட்டுப் பெரிய ஆளாலே நீ?"

"அப்ப ஏன்க்கா செய்யல?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும். வலியயாவது கொறச்சுத் தாரும்னு கேட்டேன்லா. காது கேக்காத மாதிரி இருக்காரு."

"பெறவு எதுக்கு காலையில எந்திரிச்சு ஜெபம் பண்ணுத?"

"சண்ட போடத்தான். வேற யாருகிட்ட போயி போட? உங்கிட்ட போட்டா நீ அழுதிருவ."

அந்த மாதமே அக்கா போய்விட்டார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இந்த நினைவு மலரின் அட்டையில் கர்த்தருக்கு நன்றி என்று போடச் சொன்னார்கள். நான் விடவில்லை. வருத்தப்படாதீர்கள், ஒரு தடவை சொல்லிப் பட்டுவிட்டேன். ஆனாலும் அக்காவைப் போலக் காலையில் எழுந்து, ஏமாற்றிவிட்டீரே என்று அவரிடம் சொல்கிறேன். எத்தனை கடுமையாகச் சொன்னாலும் அவர் எழுந்து போய்விட்டதாக ஒருநாளும் தோன்றவில்லை. இனி ஒன்றும் கேட்பதில்லை என்று மட்டும் இருந்தேன்.

ரத்தம் கொடுத்த லாரிக்காரர்களுக்கும், அக்கா பங்கையும் சேர்த்து இறால் உரித்துக் கொடுத்த பெண்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டு அண்ணாச்சி குடும்பத்துக்கும் நன்றி. உங்களுக்குச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. செய்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அக்கா மகளுக்கு இது நிறைமாதம். நேற்று போனில், "மாமா, பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுவியளா?" என்றாள். மறுபடியும் கேட்டு, மறுபடியும் இல்லை என்றால்? லாரியை ஓரமாக நிறுத்தினேன். சுகமாகப் பெற்றுவிட்டாள் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். பிறகு, கோபம் தீராமலேயே, தாயையும் பிள்ளையையும் எங்களுக்குத் தாரும் என்று கேட்டுவிட்டேன்.