சம்பந்தம் பேச வந்த ஐஸ் பெட்டி

ஐஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நான் பார்த்த முதல் வேலையே ஐஸ்தான். ராஜபாளையத்து ஐஸ் ஃபேக்டரியில் பாளம் பாளமாக ஐஸ் பார் வாங்கி, மரத்தூள் தூவி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டித் தளவாய்புரம் சோடாக் கடை வரைக்கும் மிதிப்பேன். மற்றவன் கொண்டுபோனால் பாதி ஐஸ் ரோட்டிலேயே தண்ணீராகப் போயிருக்கும். நான் கொண்டுபோனால் மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சைக்கிளில் ஆரம்பித்தவனுக்கு இன்றைக்கு லாரிகள் ஓடுகின்றன. பட்டம் வாங்கினவர்கள் என் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் உண்டுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்பேர்ப்பட்ட என்னிடம், மலைக்குப் போகும்போது ஐஸ் பெட்டி சரிப்படாது, ஃப்ரிட்ஜ்தான் வேண்டும் என்று ஒரு பையன் சொன்னான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். ஆனால் அவன் என் இளைய மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை. என் மகளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் என் செல்போன் அடித்தால் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

பையனுடைய அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சிரஸ்தாராக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். அவர்களும் எங்களைப் போலவே கிறிஸ்தவ சபை மக்கள்தான். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய் இரண்டு மாதமாக, "யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி" என்பதையே வாய்தா மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரி ஒரு யோசனை சொன்னாள். சேத்தூருக்கு மேலே மலையில் என் சிநேகிதர் ஒருவருக்கு ஏலக்காய் எஸ்டேட் இருக்கிறது. இரண்டு குடும்பமும் சேர்ந்து அங்கே போய் ஒரு ராத்திரி தங்கினால், ஒன்று முடிவாகும், இல்லையென்றால் முறிந்துபோகும். எப்படியும் ஒன்று தெரிந்துவிடும்.

பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் ஒரு ஆஃப்-ரோடு பைத்தியம். பள்ளமும் பாறையும் இருக்கிற இடமாகப் பார்த்து, நல்ல வண்டியைக் கொண்டுபோய் வேண்டுமென்றே வதைப்பதற்கு இந்தக் காலத்தில் ஆஃப்-ரோடு என்று பெயர். நான் லாரி ஓட்டின காலத்தில் அதற்கு ரோடு என்றே பெயர். தினமும் அதில்தான் போய் வந்தேன். யாரும் வீடியோ எடுக்கவில்லை.

பையன் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து அதில் வீடியோவாக அனுப்பினான். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரன் பாலைவனத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஒரு குட்டி ஃப்ரிட்ஜிலிருந்து எதையோ எடுத்துக் குடித்துவிட்டுச் சிரிப்பான். நாங்கள் கொண்டுபோகப்போவதோ ஒரு தூக்குத் தயிர், மசாலா தடவின கறி, மறுநாள் காபிக்குப் பால். இதற்குப் போய் இந்த ஆர்ப்பாட்டம்.

"அங்கிள், ஐஸ் பெட்டின்னா பாதி இடம் ஐஸுக்கே போயிரும். உருகுன தண்ணில கறி மிதக்கும். ஃப்ரிட்ஜ்னா வண்டி பேட்டரில ஓடும், எத்தனை டிகிரி வேணுமோ அத வச்சுக்கிடலாம்" என்றான்.

அங்கிள் என்று என்னை என் லாரியின் டயர்கூட அழைத்ததில்லை. பொறுத்துக்கொண்டேன். பேட்டரி என்பது வண்டியைக் கிளப்ப, தயிரைக் குளிர வைக்க அல்ல என்று எடுத்துச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடினால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் வேண்டும், மலையில் யார் வருவார்கள், யானையா? பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடும் என்றான் அவன். நின்றுவிட்டால் பிறகு அது வெறும் பெட்டிதானே, அதற்கு முதலிலேயே பெட்டியாகக் கொண்டுபோகலாமே என்றேன். ஐஸ் பெட்டிக்கு வயரும் வேண்டாம், ரிப்பேரும் கிடையாது. முதலில் உள்ளே கொஞ்சம் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிர வைத்துக்கொண்டு, பிறகு முழுப் பாராக இறக்கி, சும்மா சும்மா திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். இதெல்லாம் எனக்குப் புத்தகம் சொல்லிக்கொடுத்ததில்லை. சிரஸ்தாரோ, பையன் வாங்கின ஃப்ரிட்ஜோடு வந்த சின்னப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டு, "அண்ணாச்சி, பக்கம் பதினொண்ணுல பேட்டரியப் பத்தித் தெளிவாப் போட்டிருக்கான்" என்று போன் செய்தார். கோர்ட்டில் தீர்ப்பு சொன்ன மாதிரி இருந்தது.

அதற்கு மேல் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் ஃப்ரிட்ஜை அவர்கள் கொண்டுவரட்டும். நான் இந்த ஊரிலேயே பெரிய ஐஸ் பெட்டியாகக் கொண்டுபோய், மலையில் வைத்துத் திறந்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிற கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாளைக்கு ஒரு ஐஸ் பெட்டி வேணும்ப்பா. பெருசா இருக்கட்டும்" என்றேன்.

அவன் குரலை இறக்கிக்கொண்டான். "எப்ப அண்ணாச்சி முடிஞ்சது?"

"நேத்து ராத்திரிதான் முடிவாச்சு. ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு."

"ரொம்பச் செரமப்பட்டுட்டீகளோ?"

"வீட்ல ஒருத்தருக்கும் சாப்பாடு எறங்கல. இப்பத்தான் ஒரு வழி பொறந்திருக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

எனக்குக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. எஸ்டேட்டுக்கு யார் யார் போகிறோம் என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ரெண்டும்தான். குடும்பத்தோட போறோம்."

அந்தப் பக்கம் அவன் உச்சுக்கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு பெட்டி பத்துமா அண்ணாச்சி?" என்றான்.

"நெருக்கி அடுக்குனா பத்தும். காலைல ஆறு மணிக்குக் கொண்டாந்துரு."

"மனசத் தளர விட்றாதீக" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். சம்பந்தம் பேசுகிறவனுக்குத் தைரியம் சொல்கிறானே, நல்ல பையன் என்று வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஐஸ் பெட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை துட்டி வீட்டில் செத்தவரை அதில் கிடத்திப் பார்த்திருக்கிறேன், எத்தனை பெட்டிக்கு மாலை போட்டிருக்கிறேன். ஆனால் ஐஸ் சுமந்தவன் மண்டையில் ஐஸ் பெட்டி என்றால் ஐஸ் வைக்கிற பெட்டிதான்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பையனுடைய வண்டி வந்து வாசலில் நின்றது. சிரஸ்தார், அவர் வீட்டம்மா, கையில் சூடான பால்கோவா டப்பா. எல்லாரும் இறங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே கடைக்காரனுடைய வேன் பின்னால் வந்தது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு, ஆள் நீளத்தில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியை இறக்கி எங்கள் வாசலில் வைத்தார்கள். ஒருத்தன் வயரைப் பிடித்துக்கொண்டு ப்ளக் பாயிண்ட் எங்கே என்று மெதுவாகக் கேட்டான்.

எதிர்வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். யார் தகவல் சொன்னார்களோ, எங்கள் சபைக் கோயில்பிள்ளை, கோயில் மணி அடிக்கிறவர், மூச்சு வாங்க சைக்கிளில் வந்து இறங்கினார். அழுகிற முகத்தோடு என்னிடமே வந்து, "அண்ணாச்சி, அடக்கம் எத்தனை மணிக்கு? மணி அடிக்கணும்லா" என்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்து ஒரு எட்டுப் பின்னால் போனார். செத்தது நான் என்று நினைத்து வந்திருக்கிறார்.

நாங்கள் சகுனம் பார்க்கிறவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. சிரஸ்தார் வீட்டம்மாவின் முகம் சுண்டிப்போனது. பால்கோவா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாம இன்னொரு நாளைக்கு வருவமே" என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். அந்த இன்னொரு நாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கும் தெரியும். இந்த ஊரில் எங்கே நின்றாலும் பேசிச் சமாளிக்கிற நான், பெட்டியின் வயரை வாங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

என் மகள் உள்ளே இருந்து வந்தாள். கையில் தயிர்த் தூக்கு. பெட்டியைப் பார்த்தாள், கோயில்பிள்ளையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.  பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேராகப் பையனிடம் போய்த் தூக்கை நீட்டினாள்.

"இத உங்க ஃப்ரிட்ஜுலயே வச்சிருங்க. அப்பா பெட்டில வச்சா யாரும் திங்க மாட்டாக."

பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தான். பெற்ற மகள் எல்லார் முன்னாலும் கட்சி மாறிவிட்டாள்.

இதற்குள் சிரஸ்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கிறார். மூன்று தடவை. எல்லாரும் அவர் நிமிர்வதற்காகக் காத்திருந்தோம். நிமிர்ந்தார்.

"ஏன் சம்பந்தி, இதுவும் கரண்டுல ஓடுத கம்ப்ரசர் பெட்டியால்ல இருக்கு. எங்ககூட இம்புட்டு மல்லுக்கட்டிட்டு, கடைசில நீங்களும் ஃப்ரிட்ஜுக்கே வந்துட்டீகளே."

முதலில் சிரித்தது கோயில்பிள்ளை. அப்புறம் எதிர்வீட்டுப் பெண்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, அந்த மனிதர் என்னை அண்ணாச்சி என்று அழைக்காததை அப்போதுதான் கவனித்தேன். அவர் வீட்டம்மாவும் கவனித்திருக்க வேண்டும். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார், பின்கதவடியில் நின்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மலையில் ஃப்ரிட்ஜ் நன்றாகவே வேலை செய்தது. தயிர் புளிக்கவில்லை, காலையில் வண்டியும் ஒரே சாவியில் கிளம்பியது. இதை இதுவரை நான் ஒருவரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரிதானே, நல்ல ஐஸ் பெட்டியும் அதையேதான் செய்திருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சிரஸ்தார் வழக்கம்போல் யோசித்துச் சொல்லலாம் என்று இழுத்தார். அவர் வீட்டம்மா விடவில்லை.

"யோசிக்க யோசிக்க இவிய இன்னும் என்னத்தையாவது போன்ல சொல்லி வரவழைச்சிருவாக. நிச்சயத்த இப்பமே பேசி முடிச்சிருவோம்" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. பந்தல், சாப்பாடு, மேளம், வண்டி, எதற்கும் நான் போனைத் தொடக் கூடாது. லாரிகளைப் போனிலேயே மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திருப்பி விடுகிற என்னிடம் இதைச் சொன்னார்கள். என் மகள் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செல்போனை எடுத்து மருமகன் கையில் கொடுத்துவிட்டேன்.