பல்லக்காவின் வீல் கணக்கு

பல்லக்காவிடம் காரைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் போயிற்று, வந்த வேலையை மறந்துவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள். காரைத் தாழ்த்தி ஓட்டுகிற கூட்டம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங்கில் கூடும். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். அவர்களுக்கு நடுவில் நாற்பது தாண்டிய ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரின் டயருக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுதான் பல்லக்கா. பல்செட் செய்கிற வேலை என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்க எங்கே நேரம், பேசுவதற்கு வீல் இருக்கும்போது?

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் அவளுக்கு வேலை. மருத்துவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் கட்டுப் போடுகிற மாவைக் கரைத்து ஊற்றித் தாடை செய்து, மெழுகில் பல் வரிசை வைத்துப் பார்த்து, பிறகு செட் செய்து கொடுப்பாள். முழு மனிதரைப் பார்ப்பதே அபூர்வம், தாடைகளோடுதான் குடித்தனம். ஒரு பல் முடியளவு தூக்கலாக இருந்தாலும் மறுநாள் ஈறு வீங்கிப்போய் ஆள் திரும்பி வந்துவிடும். பதினெட்டு வருஷம் இப்படியே பார்த்துப் பார்த்து, இரண்டு பொருளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி என்றாலே அவள் கண் அங்கே போய் நின்றுவிடும்.

அதனால்தான், பழைய கார் ஒன்றை வாங்கி வந்த அன்றே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டயருக்கும் மேலே இருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. ஊரில் எல்லாக் காரிலும் அப்படித்தான் இருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. இவளுக்கு உறுத்தியது. குட்டை ஸ்பிரிங் நான்கு வாங்கி மாட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கிய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரையும் மேல ஏத்துறேன். நீ இருக்கிறதையும் கீழ இறக்குற" என்பார். அவர் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். கோபம் வந்தால் அதுவும் கிடையாது, வாயை இறுக்க மூடிக்கொள்வார். அவர் கத்தியிருந்தால் பல்லக்கா பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பாள். இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படி ஒரு மௌனம் ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருந்தது. ஸ்பிரிங் மாட்டிய சூட்டோடு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று யாரோ கழற்றிப்போட்ட அகல வீல்களை வாங்கி மாட்டிவிட்டாள். அளவும் இல்லை, கணக்கும் இல்லை. குடும்பத்தோடு வெளியே கிளம்பிய முதல் நாளே, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓட்டுநர் பக்கத்து முன் டயரை மட்கார்டின் விளிம்பு கிழித்துவிட்டது. நடுரோட்டில் டயர் மாற்ற வந்த ஆள் காருக்குள் எட்டிப் பார்த்தான். பின்சீட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் பூரிப்பான உடம்பு. "பின்னாடி வெயிட் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். முன் டயர் கிழிந்ததற்குப் பின்சீட்டு எப்படிப் பொறுப்பு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து மாமியார் அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார், பாவம்.

கம்பெனியில் வந்த பழைய வீல்களே திரும்பக் காரில் ஏறின. இரண்டு நாள் கழித்துக் கணவர் வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. நாலு பேரும் உக்காந்து, அதே ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கணும். சத்தம் வரக் கூடாது. வந்துச்சுன்னா பழைய ஸ்பிரிங்க மாட்டிட்டு அதோட விட்டுடணும்."

"சரிங்க" என்றாள் பல்லக்கா. வேறு என்ன சொல்ல முடியும்? நியாயம் அவர் பக்கம் இருந்தது.

இந்த முறை கணக்குப் போட்டுத்தான் வாங்குவது என்று முடிவுசெய்தாள். வீல்கடைக்காரர் நாம் சொல்கிற அளவுக்குச் செய்து வரவழைத்துக் கொடுப்பார். "நீங்க குடுக்கிற நம்பர்லதான் வரும். வந்தப்புறம் மாத்திக் குடுங்கண்ணேன்னு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று முதலிலேயே கையை விரித்துவிட்டார்.

இரண்டே இரண்டு நம்பர்தான். ஒன்று அகலம். இன்னொன்று ஆஃப்செட், அதாவது வீலைக் காரோடு சேர்த்து போல்ட் போடுகிற முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. இந்த எண் குறைந்தால் வீல் வெளியே பிதுங்கும், கூடினால் உள்ளே பதுங்கும். வெளியே அதிகம் வந்தால் மட்கார்டு டயரைக் கிழிக்கும். உள்ளே அதிகம் போனால் ஷாக் அப்சார்பரில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில், மட்கார்டின் விளிம்போடு விளிம்பாக வீல் வந்து நிற்கிற ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நினைத்தாலே பல்லக்காவுக்கு வாயெல்லாம் பல். காரில் இருந்தது ஏழு இன்ச் அகலம், ஆஃப்செட் நாற்பத்தைந்து. அவள் ஆசைப்பட்டது எட்டு இன்ச்.

வெறும் காரை அளந்தால் பொய்க்கணக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆள் ஏறினால் கார் இறங்கும். அதனால் குடும்பத்தையே கீழே பார்க்கிங்குக்கு இறக்கினாள். முன்சீட்டில் கணவர், பின்சீட்டில் மாமியாரும் மகளும். பன்னிரண்டு வயது மகள் மடியில் புத்தகப் பையை வேறு வைத்துக்கொண்டாள், அதுவும் எடைதானே என்று. கதவுகளைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பல்லக்கா தரையில் அட்டையை விரித்துப் படுத்தாள். டயருக்கு வெளிப்பக்கம் காலிப்பர் என்கிற கவ்வு அளவுகோலை வைத்து அளந்தாள். உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத்தான் பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குட்டிக் கண்ணாடி கையிலேயே இருக்கிறதே. நான்கு மூலையும் சுற்றி வந்தாள்.

"அசையாதீங்க அத்தை."

"நான் மூச்சே விடல" என்றார் மாமியார், உண்மையாகவே.

எழுந்து நின்றபோது பல்லக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருபத்தேழு மில்லிமீட்டர் இடம் இருந்தது. எட்டு இன்ச் வீலை முப்பத்தைந்து ஆஃப்செட்டில் போட்டால் கிட்டத்தட்ட இருபத்து மூன்று வெளியே வரும். மீதி நான்கு. அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்துவிடும். அங்கேயே நின்றபடி கடைக்காரருக்குப் போன் போட்டாள். "சாயங்காலம் கடை சாத்துறப்ப ஆர்டர அனுப்பிடறேன்" என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மெழுகில் ஒருமுறை கடித்துப் பார்க்காமல் எந்தப் பல்செட்டும் அவள் கையை விட்டுப் போனதில்லை. தொழில்புத்தி எங்கே போகும்? ரோஸ் நிற மெழுகைச் சுடுதண்ணீரில் இளக்கி, இரண்டு விரல் பருமனுக்கு உருட்டி, நான்கு மட்கார்டுக்குள்ளும் ஒட்டினாள். குடும்பத்தை மறுபடி ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போய், வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கித் திரும்பினாள். டயர் மெழுகைச் சீவிவிட்டுப் போயிருக்கும். சீவியது போக மிச்சம் இருக்கிற பருமன்தான் உண்மையான இடைவெளி.

மூன்று மெழுகுகள் கணக்குக்கு ஒத்துவந்தன. ஓட்டுநர் பக்கத்து முன் மெழுகைக் காலிப்பரில் வைத்தாள். இருபது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் இருபதுதான்.

எட்டு இன்ச் வந்தால் இந்த மூலை கட்டாயம் உரசும். போன தடவை கிழிந்ததும் இதே மூலை. ஸ்பிரிங் ஒரு பக்கம் படுத்துவிட்டதோ, போன தடவை அடிபட்டதில் உள்ளே ஏதாவது வளைந்துவிட்டதோ என்று டயரைத் தட்டினாள், காரைக் குலுக்கினாள், மறுபடி அட்டையை விரித்தாள். கணவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கார் மறுபடி நான்கு விரல் தூக்கிக்கொண்டு நிற்பது கண்முன்னால் தெரிந்தது.

பின்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த மாமியார் அப்படியே நின்றார்.

"ஏம்மா, முதல்ல அளந்தப்ப நாங்க மூணு பேரும் உள்ள இருந்தோம். நீ எங்க இருந்த?"

"நான் கீழ படுத்து அளந்துட்டிருந்தேன் அத்தை."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறா?"

நாலு பேர் போகிற காருக்கு மூன்று பேரை ஏற்றி அளந்திருக்கிறாள். பையின் எடையைக்கூடச் சேர்த்தவள் தன்னைச் சேர்க்கவில்லை. இது போதாது என்று, லிஃப்ட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை மாட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதர் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார், பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது அவர் கண்ணிலும் படவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்போ அந்த டயர் கிழிஞ்சதும் என்னால இல்ல" என்றார் மாமியார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தத் தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல அத்தை. நம்பர் பாக்காம வாங்கினேன்ல, என் தப்பு."

"அத இன்னைக்காவது சொன்னியே" என்று சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் பல்லக்காவுக்கு ஆர்டர் ஞாபகம் வந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடியும் இல்லை. "நீ ஏறி உக்காரு, நான் அளக்கறேன்" என்று கணவர் சொன்னது அவள் காதில் சரியாக விழவே இல்லை. அவர் எல்லோரையும் மறுபடி ஏற்றி, அவளை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, காலிப்பரையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு, அந்த மூலைக்குக் கீழே வெள்ளைச் சட்டையோடு அட்டையில் படுத்துவிட்டார். காரை வாங்கிய நாளிலிருந்து அவர் அதன் அடியில் குனிந்து பார்த்தது அதுதான் முதல்முறை.

"கண்ணாடியச் சாய்ச்சுப் பிடிங்க. உள்ள கருப்பா உருளை மாதிரி தெரியுதா, அதான் ஷாக்."

"தெரியுது தெரியுது. அடேயப்பா, இவ்வளவு கிட்ட இருக்கா?"

அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தை அவள் கவனித்தாள். இருந்தாலும் விரல் போனையே அழுத்திக்கொண்டிருந்தது.

வெளியே இருபது, உள்ளே நான்கு. எப்படிப் போட்டாலும் எட்டு இன்ச்சுக்கு இடமில்லை. வெளியே தள்ளினால் மட்கார்டு, உள்ளே தள்ளினால் ஷாக். ஏழரை இன்ச் என்றால் ஆஃப்செட் முப்பத்தைந்திலேயே பதினாறு மில்லிமீட்டர்தான் வெளியே வரும், மீதி நான்கு அப்படியே கிடைக்கும், விளிம்பும் ஒட்டி நிற்கும். பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அரை இன்ச்சை விட்டாள்.

விடாதவர் கணவர். "அரை இன்ச்சுதானே, மட்கார்டு விளிம்பக் கொஞ்சம் உருட்டி மடிச்சா எட்டே போடலாமா?" என்று அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க, நீங்களா பேசறீங்க?"

"சும்மா கேட்டேன்" என்றார்.

போன் கடைசி வரை கிடைக்கவே இல்லை. நான்கு பேரும் காரில் போய் இறங்கியபோது கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். பல்லக்கா குனிந்து உள்ளே ஓடினாள். "அனுப்பிட்டீங்களா?" மூச்சு வாங்கியது. அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். எட்டு என்ற எண் திரையில் இருந்தது, அனுப்பும் பட்டன்தான் பாக்கி. "இப்பதான் போன கீழ வச்சேன்" என்றார். ஏழரை என்று மாற்றி, ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்லி, அவர் பட்டனை அழுத்துவதையும் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் கடைக்காரருக்கு இலவசமாகப் பல்லே கட்டிக் கொடுத்திருப்பாள்.

வீல்கள் வந்தன. மாட்டி இறுக்கிக் காரை ஜாக்கியிலிருந்து இறக்கியபோது, மட்கார்டின் விளிம்பும் வீலின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பல்லக்கா நான்கு முறை காரைச் சுற்றி வந்தாள். பிறகு எல்லோரையும் ஏறச் சொன்னாள். அதே தெரு, அதே வேகத்தடை. மகள் காதைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டாள். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது.

தெருவில் யாரோ பேசிக்கொண்டு போவதுதான் கேட்டது.

பல்லக்கா ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, கார் இனித் தாழ்வாகவே இருக்கும். அவர் ஏதாவது சொல்லுவார், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, உடம்பில் பாதி வெளியே நீட்டி, தன் பக்கத்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வர மனமே இல்லை.

"திருப்பு" என்றார். "ஏறி இறங்கறப்ப எப்படி இருக்குன்னு நான் வெளிய நின்னு பாக்கணும்."

"நீங்க இறங்கிட்டா மூணு பேர்தாங்க. நாலு பேர்னு சொன்னது நீங்கதானே."

அவர் கதவைத் திறந்து இறங்கி, தெருவோரம் சும்மா நின்றிருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சார், ஒரு உதவி. கொஞ்சம் இந்த சீட்ல உக்கார முடியுமா?"