மரம் போட்ட வெள்ளிக்காசு

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வில்லியனூர் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். வயது கொஞ்சம் ஏறின பிறகுதான் என்னைக் கட்டினார். கலியாணத்தன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் என் காதோடு சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் பெட்டிய மட்டும் தொறந்துடாதீங்க. உள்ள வெள்ளைக்காரி ஒக்காந்துனு இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவர் அந்த இரும்புப் பெட்டியைத் திறப்பார். கைக்குட்டையில் முடிந்த ஒரு வெள்ளிக்காசை எடுத்துத் துடைப்பார். நம் ரூபாயைவிடப் பெரிசு. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் நன்றாகத் தழைத்த ஒரு மரம். ஜெர்மன் காசு, பட்டாளத்தில் இருந்தபோது ஒரு பொம்பளை கொடுத்தாள் என்று மட்டும் சொன்னார். யார் அந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தால்கூட வாய் திறந்து சொல்லாதவள் நான். மனசுக்குள் மட்டும் அந்த மரத்தடியில் பூப்போட்ட கவுன் மாட்டி ஒருத்தியை நிற்கவைத்தேன். அவர் காசைத் துடைக்கும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் அழகானாள்.

அறுபதுகளின் கடைசி. பாகூரில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனாருக்கு முதல் குழந்தை, பெண். ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் வெள்ளித் தண்டை போடவேண்டும். பென்ஷன் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை அவராகவே, "அந்தக் காசை உருக்கிடலாம். வா, நீயே டிசைன் பாரு" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காசு உருகினால் அவளும் உருகிப்போவாள். சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

பத்தர் கடை வில்லியனூர் கடைத்தெருவில் இருந்தது. எங்கள் ஊர்ச் சொல்தாக்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனிலிருந்து கொண்டுவந்த பெரிய வெள்ளிக்காசுகளை உருக்கி, அந்தப் பத்தர் எத்தனையோ கொலுசு செய்திருக்கிறார். நல்ல வெள்ளி அது. அதனால் வெளிநாட்டுக் காசு என்றாலே சுத்தமான வெள்ளி என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"இன்னா சொல்தா, சைகோன் காசா?"

"இல்ல பத்தரே, ஜெர்மன்."

பத்தர் காசின் ஓரத்தில் அரத்தை ஓட்டினார். கல்லில் உரசித் திராவகம் ஒரு சொட்டு விட்டார். பச்சையாகப் பொங்கியது.

"இந்தாய்யா, பாதிக்குப் பாதி செம்பு. இதுல தண்டை போட்டா புள்ள காலு பச்சையா பூடும். உந்தங்கச்சி தொடப்பத்தத் தூக்கினு எங்கடைக்குத்தான் வருவா. எடுத்துனு போ."

காசு உருகப்போவதில்லை. மறுபடி அது பெட்டிக்குள் போகும், மறுபடி ஞாயிற்றுக்கிழமை வரும். அவரோ காசைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப அந்தக் கெழவி சொன்னது நெசந்தான்."

"எந்தக் கெழவி?" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பும்படி சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"யப்பா! உன் வூட்டம்மாவுக்குப் பேச வரும்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் பத்தர்.

"ஜெர்மனில நாங்க தங்கியிருந்த வூட்டுக்காரக் கெழவி. எங்க துணியெல்லாம் தொவைச்சிக் குடுப்பா. கொஞ்சம் பிரெஞ்சு, மீதி கையாட்டம், அப்படித்தான் பேசுவா. மொத சண்டையில தோத்த பின்னாடி கவருமெண்டு நோட்டா அடிச்சுத் தள்ளிச்சாம். காலையில வாங்கின கூலிய மத்தியானத்துக்குள்ள செலவு பண்ணிடணும். சாயங்காலம் அந்த நோட்டுக்கு ரொட்டி வராது. பசங்க நோட்டுக் கட்டை அடுக்கி வூடு கட்டி வெளையாடுவாங்களாம். அவ புருஷன் ஆயுசு பூரா சேர்த்ததுக்கு ஒரு ரொட்டிகூடத் தேறல."

"அப்பறம்?" என்றார் பத்தர். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பறம் அதை ஒழிச்சிட்டுப் புதுப் பணம் வுட்டாங்க. பழைய காலத்துக் காசு நல்ல வெள்ளி. தோத்த நாடு அவ்ளோ வெள்ளிக்கு எங்க போவும்? பாதி செம்பு கலந்தாங்க. அதையே சனங்க ஆசையா வாங்கி வச்சிக்கிச்சாம். கையில கனம் இருக்குதே, தட்டினா சத்தம் வருதே, அது போதும்னு. நான் கெழவி கதை வுடுறான்னு நெனச்சேன்."

"அதை எதுக்கு உனக்குக் குடுத்தா?" என்றார் பத்தர்.

"ரெண்டாவது சண்டை முடிஞ்சி நாங்க போனப்ப மறுபடியும் நோட்டுக்கு மதிப்பில்ல. சிகரெட்டும் காப்பிக்கொட்டையும்தான் அங்க பணம். நான் எம்பங்குக் காப்பிய அவளுக்குக் குடுத்துடுவேன். கெளம்புற அன்னிக்கு மாவு டப்பாவுக்கு அடியிலேர்ந்து இதை எடுத்துக் கையில வச்சி அழுத்தினா. பல்லு ஒண்ணுகூட இல்ல, பேசினா காத்துதான் வரும்." காசைக் கைக்குட்டையில் வைத்து முடிந்தார். "எங்கம்மா சாவும்போது நான் ஊர்ல இல்ல பத்தரே. அந்தக் கெழவி மூஞ்சி அப்படியே எங்கம்மா மூஞ்சி."

மரத்தடியில் நின்றிருந்த கவுன்காரி அந்த இடத்திலேயே காணாமல் போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து என் கால் கொலுசைக் கழற்றினேன்.

"இதுல போடுங்க தண்டை."

"ஏன்டி, உங்கம்மா வூட்டுக் கொலுசு அது" என்றார் அவர்.

"இருக்கட்டும். காசு பெட்டியிலயே இருக்கட்டும்."

"இது சைகோன் காசு உருக்கினது. நானே செஞ்சது" என்று பத்தர் தராசை எடுத்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கைக்குட்டையோடு காசை என் கையில் வைத்தார். கேரியரில் உட்கார்ந்து வீடு வரைக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அதைத் துடைத்தேன். அரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். குழம்பில் காரம் கூடிப்போய் அவருக்குக் கோபம் வந்தால், "அந்தக் கெழவி வூட்டுக்கே பூடுறேன்" என்பார்.

"போங்க. போறப்ப ஒரு பல்செட்டு வாங்கினு போங்க" என்பேன். என் வாயிலிருந்து வரும் பேச்சா அது என்று அவர் சோற்றுக் கையோடு சிரிப்பார்.