வாயில் ஒளித்த சோழர் காசு

எண்பதுகளின் நடுப்பகுதியில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது இது. அப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சரிபார்த்து வாங்கும் ஸ்டோர் கிராணி. பெட்டியில் இருப்பது சரியாக இருக்கிறது என்று லோரிக்காரர் சூடம் அடித்துச் சத்தியம் செய்தாலும், கொட்டி எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். வேலைக்கு ஏற்ற குணம்தான். ஆனால் அது வீட்டுக்கும் என்னோடு கூடவே வந்துவிடும். "சாமியே நேர்ல வந்தாலும் ஐ.சி. அட்டையக் காட்டுன்னு கேப்பீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

பழங்காசு சேர்ப்பது என் பைத்தியம். அதில் சந்தேகம் இல்லாதவன் சீக்கிரம் போண்டியாகிவிடுவான். அச்சில் வார்த்த போலிக் காசில் ஊசிமுனை அளவு குமிழிகள் இருக்கும், ஓரத்தில் அரம் பட்ட தடம் தெரியும். காசைவிட ஏலத்துக்கு வரும் ஆட்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். விலையை ஏற்றிவிடுவதற்கென்றே ஒருவன் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் யாரென்று தெரிந்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தத் தோட்டத்துக்காரர். "பழைய கோயிலப் பிரிச்சுப் புதுசாக் கட்டறோம்லா. அம்மன் பீடத்துக்கு அடியில ஒரு செம்பு, அதுக்குள்ள பழைய காசு. ஞாயித்துக்கெழம ஏலம் விடறாங்க, போய்ப் பாருங்க" என்றார். அன்று அவருக்கு ஷிப்ட் இருந்ததால் நான் தனியாகப் போனேன். மனைவி தையல் மிஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல காசாக அமைந்தால் ஒன்றுக்கு இரண்டு மிஷின் வாங்கித் தருவதாக வாய்ச்சவடால் வேறு.

பந்தலில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் காசுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் சோழர் காலத்துச் செப்புக் காசுகள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மடியில் முடிந்து கொண்டுவந்திருக்கலாம். உண்மையான காசுகள்தான், ஆனால் கடையில் சல்லிசாகக் கிடைப்பவை. ஒன்றே ஒன்று மட்டும் பச்சை படியாமல் கறுத்திருந்தது. ஓரத்தில் தேய்ந்த இடத்தில் லேசான வெளுப்பு. அது செம்பு இல்லை, வெள்ளியில் அடித்த சோழர் காசு. அபூர்வமான சாமான். இவர்களுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் திரும்ப வைத்தேன்.

ஏலம் தொடங்கியதுமே எனக்குப் பொறி தட்டியது. என்னைத் தவிர ஒருவரும் காசைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பத்து ரிங்கிட் பெறாத செப்புக் காசை எண்பது, தொண்ணூறு என்று கேட்டார்கள். அதைவிட விசித்திரம், ஏலம் எடுத்தவர் காசைத் தொடவே இல்லை. தாம்பாளத்திலேயே விட்டுவிட்டு, கருவறை வாசலில் தொங்கிய திரைக்குப் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார். அடுத்தவரும் அப்படியே. சரிதான், எல்லாரும் உள்கை என்று முடிவு கட்டினேன். வெளியூர் ஏமாளி ஒருவன் சிக்கும்வரை தங்களுக்குள்ளேயே விலை ஏற்றி விளையாடுகிறார்கள்.

கறுத்த காசு வந்தது. என்னோடு போட்டிக்கு நின்றவர் ஒரு நடுத்தர வயது அம்மா. தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் கைகள், காய்ப்புக் காய்த்திருந்தன. நான் நூறு என்றால் அவர் நூற்றிருபது என்றார். இந்த அம்மாவுக்கு இவ்வளவு பணம் ஏது? ஏற்றிவிடும் ஆள் இவர்தான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். ஆனாலும் காசை விட மனம் வரவில்லை. தையல் மிஷின் பணத்தில் பாதிக்கு மேல் போனபோது அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாட்டிக்கொண்டாயா என்று நக்கல் செய்வதாகவே எனக்குப் பட்டது.

பணத்தைக் கட்டினேன். இவர்கள் காசை மாற்றி வைத்துவிடுவதற்குள் தாம்பாளத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூசாரி திடுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. நானும் நிற்கவில்லை.

செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் ஹாரன் சத்தம். இரண்டு இளைஞர்கள் ஒரே மோட்டாரில், கையை ஆட்டிக்கொண்டு துரத்தி வந்தார்கள். இருபுறமும் செம்பனை, வேறு ஈ காக்காய் இல்லை. நான் முறுக்கினேன், அவர்களும் முறுக்கினார்கள். வாய்க்கால் பாலத்தை அடைந்தால் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று வழியை மறித்து நின்றது. முடிந்தது கதை. பையைத்தானே முதலில் துழாவுவார்கள் என்று, காசை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் அதக்கிக்கொண்டேன்.

அவர்கள் இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"அண்ணே, வீட்டுல ஏதும் அவசரமாண்ணே?"

வாயில் காசை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? பேந்தப் பேந்த விழித்தேன். பயத்தில் என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவர்களே ஏதோ துக்கம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவன் என் தோளைத் தொட்டான். "நீங்க கவலப்படாம போங்கண்ணே. காச மட்டும் எங்ககிட்ட குடுங்க. மத்தவங்க எல்லாம் குழிகிட்ட நிக்கிறாங்க. உங்க பேரச் சொல்லி அம்மன் பீடத்துக்கு அடியில நாங்களே போட்டுர்றோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மனுக்கு அடியிலிருந்து எடுத்த காசு அம்மனுக்கு அடியிலேயே திரும்பப் போக வேண்டும். அதைத் தன் கையால் போடும் பாக்கியத்தைத்தான் அங்கே ஏலம் விட்டார்கள். தோட்டத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் டவுன் கோயிலில் எலுமிச்சம்பழம் ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிய எனக்கு அது தெரியவில்லை.

பணம் கட்டி வாங்கியது, என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் என்னோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு கணம் அந்த எண்ணமும் வந்தது. ஆனால் அந்தப் பையனின் கை இன்னும் என் தோளில் இருந்தது. திரும்பி நின்று காசை உமிழ்ந்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். "அவசரம் ஒன்னுமில்ல, வாங்க போவோம்" என்றேன். வெட்கத்தில் உடம்பே கூசியது.

கோயில் குழாயில் காசைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குழி ஓரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். "எங்கப்பா ஊர்லேருந்து கொண்டாந்த காசுங்க அது. பழைய கோயிலக் கட்டுனப்ப எல்லாரும் பீடத்துக்கு அடியில செம்புக்காசு போட்டாங்க, அவரு வெள்ளிக்காசு போட்டாருன்னு இந்தத் தோட்டத்துக்கே தெரியும். என் கையால போடணும்னு ஆச, அவ்வளவுதான்" என்றார்.

தோட்டத்துக்கே தெரியுமாம்! பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நான் மட்டும் கண்டுபிடித்ததாக நினைத்த ரகசியம். நீங்களே போடுங்கள் என்று காசை அவரிடம் நீட்டினேன். ஏலம் எடுத்தவர்தான் போட வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் என் உள்ளங்கைக்குக் கீழே அவர் தன் கையை ஏந்த, இருவருமாகச் சேர்ந்து காசைக் குழிக்குள் விட்டோம். அவர் அழுதார்.

தையல் மிஷின் தள்ளிப்போனதற்கு என் மனைவி திட்டவில்லை. காசை வாயில் ஒளித்ததைச் சொன்னபோது மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பழங்காசு வாங்குவதை நான் விடவில்லை. இன்றும் ஓரத்தைத் தடவி, குமிழி தேடித்தான் வாங்குகிறேன். காசைச் சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து இவன் எதற்கு என் பின்னால் வருகிறான் என்று நினைக்கும்போதெல்லாம், ஓடிவந்த மூச்சிரைப்போடு அந்தப் பையன் கேட்டது காதில் விழுகிறது: "அண்ணே, வீட்டுல ஏதும் அவசரமாண்ணே?" நான் அவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே நிமிடத்தில், அவன் என் வீட்டை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.