பிணைக்குக் காட்டிய வீடு

எண்பதுகளின் தொடக்கம். என் ராத்தாவின் ஒன்பது வயது மகளிடம் தகாத முறையில் நடந்த எதிர்வீட்டுக்காரர் மறியல் சிறையில் இருந்தார். கல்முனைக் கோர்ட்டில் அன்று அவருக்குப் பிணை கேட்டார்கள். வெளியே வந்தால் எங்கள் படலை வாசலுக்கு நேரே வந்து நிற்பார் என்ற பயத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போவதையே விட்டிருந்தாள்.

அவளுடைய சாச்சி, தாயின் தங்கையான எனக்கு யாரையும் லேசில் நம்பாத குணம். வக்கீலின் கனிவான குரலே பிடிக்கவில்லை. "எனது கட்சிக்காரர் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார். அக்கரைப்பற்றில் தமையனுடைய வீட்டில் தங்குவார்," என்றார். தமையன் எழுந்து தலையாட்டினார். நீதவான் பேனாவை எடுத்தார்.

தமையனுடைய வீடாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆணுக்கு ஏது வீடு? பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரி, தமையனுடைய பெண்சாதி, நாளைக்கே போகச் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் எங்கே போவார்? தன் பெண்சாதியின் வீட்டுக்கு, எங்களுக்கு எதிரே. வெளியூர் நீதவானுக்கு இது தெரியாது. வக்கீலுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜனிடம் குனிந்து சொன்னேன்.

"ஐயா, அது தமையன்ட ஊடில்ல. அவர்ர பெண்சாதிட ஊடு. அவவும் இஞ்சதான் இரிக்கா. அவட்ட ஒருக்காக் கேக்கச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் எழுந்து நீதவானிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளை பொய் சொல்கிறாள் என்று போகும் வீடெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

"இவரை உங்கள் வீட்டில் தங்க வைப்பீர்களா?" என்று நீதவான் கேட்டார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். புருஷனை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கு மூணு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி ஐயா. வெச்சிரிக்க ஏலா."

அன்று பிணை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாச்சி, நான் சொன்னத்த அவங்க நம்பினாங்களா?"

"ஓம் புள்ள," என்றேன். "அவர்ர ஆக்களும் நம்பித்தான் இரிக்காங்க."