அக்காவின் தொடையெலும்பில் இருந்த தகடு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொச்சிக்கடைப் பக்கம் பட்டாளத்து லொறிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பின்னேரம் அப்படியொரு லொறி, அக்கா ஏறி வந்த ரிக்‌ஷாவின் சில்லில் இடித்துவிட்டது. ரிக்‌ஷா இழுத்தவர் சிராய்ப்போடு தப்பினார். அக்காவின் இடது தொடையெலும்பு இரண்டாக முறிந்தது.

அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் குடியிருந்த, சுங்கத்தில் வேலைபார்த்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். அப்போதே நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அப்பா இறந்துபோயிருந்தார். நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நானும் அம்மாவும்தான்.

சத்திரசிகிச்சை செய்த டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். முறிந்த எலும்பைப் பொருத்தி, அதன்மேல் ஒரு எஃகுத் தகட்டை வைத்துத் திருகாணிகளால் முடுக்கப்போவதாகச் சொன்னார். அம்மா பயந்துபோனாள். பலகைக்கு ஆணி அடிப்பது தெரியும், ஆளுக்கு அடிப்பார்களா என்று கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகு, கால் வளையாமல் சேரும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அப்படியே சேர்ந்தது. அக்கா எழுந்து நடந்தாள், பாடசாலைக்குப் போனாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டியபோது, எலும்போடு ஒட்டிக்கொண்டு அந்தத் தகடு வெள்ளையாகத் தெரிந்தது. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. “ரெயில் தண்டவாளத்தைப் பூட்டின மாதிரிக் கிடக்குது, என்ன தம்பி?” என்றாள். தகடு உள்ளேயே இருக்கலாம், எடுக்கத்தான் வேண்டுமென்றால் எலும்பு நன்றாக முற்றும்வரை பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

யுத்தம் முடிந்து கல்யாணப் பேச்சு மறுபடி தொடங்கியது. அத்தானின் தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “ஏன் பிள்ளை, அந்த இரும்பு உள்ளுக்கு இருந்தா நாளைக்கு ஒரு பிள்ளையைச் சுமக்க ஏலுமோ?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு பேச்சு அரிசிப் பங்கீட்டுக்குப் போய்விட்டது.

அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த கிழமையே டாக்டரிடம் போய், தகட்டை எடுக்கச் சொன்னாள். அவர் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு அத்தான் வேலை முடிந்த கையோடு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“அம்மா ஏதோ தெரியாமக் கேட்டிட்டா. அது அங்கேயே கிடக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை.”

“எனக்கு இருக்குது. உங்கட வீட்டுக்கு வந்த பிறகு ஒருத்தரும் என்ர காலைப் பற்றிக் கதைக்கக்கூடாது” என்றாள் அக்கா.

அவளை மாற்ற அம்மாவாலும் முடியவில்லை. டாக்டர் மனமில்லாமல்தான் சம்மதித்துத் தகட்டை எடுத்தார். திருகாணி இருந்த துவாரங்கள் அடைபடும்வரை அந்த எலும்பு பலமற்றது, ஊன்றுகோல் இல்லாமல் ஓரடிகூட வைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அக்கா கேட்டு நடந்தாள். ஆனால் எங்கள் மாதா கோயிலில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கும் திருமண அறிவித்தலில் அவர்களுடையது முதல் தடவை வாசிக்கப்பட்ட அன்று, ஊன்றுகோலை வீட்டில் விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்தாள். சனம் பார்க்கும் என்றாள். முழந்தாளிட்டவள் எழும்பும்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தடி முறிவதைப் போன்ற சத்தம். துவாரம் இருந்த இடத்திலேயே எலும்பு மறுபடி முறிந்திருந்தது.

இரண்டாம் முறை தகடு வைக்க முடியவில்லை. பழைய காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்காகக் கட்டிலில் கிடத்தினார்கள். அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் தவறாமல் வந்தவர் அத்தானின் தாய். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, சூப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு நாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நான் எடுக்கச் சொல்லேல்லையே மகள். கேட்டனான் மட்டுந்தானே.”

“ஓம் மாமி, நீங்க சொல்லேல்லைத்தான்” என்றாள் அக்கா. அவர் கொடுத்த சூப்பையும் குடித்தாள்.

எலும்பு சேர்ந்தபோது இடது கால் குட்டையாகியிருந்தது. தடித்த அடி வைத்த சப்பாத்துப் போட்டுத்தான் அவளால் நடக்க முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, கல்யாணம் வேண்டாமென்று அத்தானுக்குச் சொல்லியனுப்பியது. அவர் நம்பவில்லை. வந்தார், முன்னறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“இரக்கப்பட்டு ஒருத்தரும் என்னைக் கட்டவேண்டாம்.”

“இரக்கமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அதற்குப் பிறகும் பல தடவை வந்தார். கடைசியில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

சில காலம் கழித்து அவருக்குத் தெஹிவளையில் ஒரு குடும்பத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் அழைப்பு வந்தது. போகத் தேவையில்லை என்றாள் அம்மா. அக்கா போனாள், நான் துணைக்குப் போனேன். மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் தாயோடு கொஞ்சநேரம் கதைத்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் ஸ்டேஷனுக்கு வந்தோம்.

திரும்பும்போது ரெயிலில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல். வெள்ளவத்தை தாண்டியதும் அக்கா கதைக்கத் தொடங்கினாள்.

“தகட்டை எடுத்ததுக்கு நான் கவலைப்படேல்லைத் தம்பி. அது என்ர கால், நான்தான் முடிவெடுத்தனான். ஆனா அந்த மனுசனைத் திருப்பி அனுப்பினது பிழை. அவர் சொன்னது உண்மையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

அவர் வந்து முன்னறையில் காத்திருந்த அத்தனை நாளும் நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அப்போது சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். அப்படித்தான் இதுவரை நம்பி வந்திருக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியாது.